தாம்பரத்தில் ஒரு 2000 வருஷக் கேள்வி: கிருபையா, நற்கிரியையா?

கொஞ்சம் நீளமான த்ரெட். ஒரு பேஷண்ட்ட நான் தப்பா நடத்தின கதையில ஆரம்பிச்சு, 1938-ல நம்ம தாம்பரத்துல நடந்த ஒரு உலக மாநாடு வரைக்கும் போகும். மதப் பிரச்சாரம் இல்லை. வரலாறு மட்டும்தான். பொறுமையா படிங்க.

1/
தென்சென்னைப் புறநகர்ல ஒரு அரசு மருத்துவமனை. அங்க நான் ஓபி பாத்துட்டு இருந்த காலம். நாற்பது வயசு மதிக்கத்தக்க கட்டடத் தொழிலாளி ஒருத்தர். சளிப் பரிசோதனையில காசநோய் உறுதியாயிடுச்சு. அன்னைக்கு மாத்திரை ஆரம்பிக்கணும். ஆனா ஆள் குடிச்சிட்டு வந்திருந்தார்.

வெளிய எண்பது பேர் வரிசையில நிக்கிறாங்க. எனக்குக் கோபம். "முதல்ல குடிய விட்டுட்டு வா. அப்புறம் மாத்திரையப் பத்திப் பேசலாம்"னு கத்திட்டேன். "வாங்க"ன்னு கூடச் சொல்லல.

2/
அதுக்கப்புறம் அஞ்சு வாரம் அவர் வரவே இல்லை. எங்க ஹெல்த் விசிட்டர் வீடு தேடிப் போய்க் கூட்டிட்டு வந்தார். ஏன் வரலன்னு கேட்டேன். அவர் தலையக் குனிஞ்சுக்கிட்டே சொன்னார்: "குடிய விட்டதும் வரலாம்னு இருந்தேன் சார். இன்னும் முடியல."

கூட வந்த மனைவிதான் வெடிச்சாங்க. "சர்ச்சுல, இருக்கிறபடியே வாங்கன்னு கூப்பிடுறாங்க டாக்டர். இங்கதான் திருந்திட்டு வான்னு அனுப்புறீங்க."

3/
இந்த அஞ்சு வாரத்தோட கணக்கு உங்களுக்குப் புரியணும். ஒரே ரூம் வீடு. ராத்திரி பூரா இவர் இருமல். அதே ரூம்ல மூணு வயசுப் பெண் குழந்தை. அந்தக் குழந்தை சுவாசிச்ச காத்துக்கு நானும் பொறுப்பு.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அந்த அம்மா சொன்னது சாதாரண வார்த்தை இல்லையே. கிறிஸ்தவ உலகம் ரெண்டா உடைஞ்ச கேள்வியே அதுதானே: மனுஷன் திருந்தினா மீட்பு வருமா, மீட்பு வந்தா மனுஷன் திருந்துவானா?

4/
முதல்ல மூணு வார்த்தைகள்.

கிருபை: தகுதி பாக்காம கடவுள் இலவசமா தர்ற தயவு. கத்தோலிக்கர்கள் 'அருள்'னு சொல்வாங்க.
விசுவாசம்: அதை நம்பிக் கை நீட்டி வாங்கிக்கிறது.
நற்கிரியை: மனுஷன் செய்யுற நல்ல செயல். தர்மம், சேவை, ஒழுக்கம் எல்லாம் இதுல அடக்கம்.

இதுல எது மனுஷனைக் காப்பாத்துது? இரட்சிப்பு அல்லது மீட்பு எதால கிடைக்குது? சண்டையே இதுதான்.

5/
சண்டைக்கான விதை புதிய ஏற்பாட்டுலயே இருக்கு. பவுல், தன் கடிதங்கள்ல, மனுஷன் நீதிமானாகிறது விசுவாசத்தாலதான், சட்டம் சொல்ற செயல்களால இல்லைங்கிறார். யாக்கோபு பேர்ல இருக்கிற கடிதமோ, செயல் இல்லாத விசுவாசம் செத்ததுங்குது.

நேருக்கு நேர் முரணா தெரியுதுல்ல? எனக்கு இதை ஒரு டாக்டரா புரிஞ்சுக்கத் தோணுது. வாந்தி பேதியில நீர்ச்சத்து வத்திப் போனவருக்கு டிரிப்ஸ் ஏத்துவோம். இதயம் பலவீனமாகி கால் வீங்கினவருக்குத் தண்ணியக் குறைங்கன்னு சொல்வோம். டாக்டர் முரண்படல, பேஷண்ட் வேற.

6/
பவுல் பேசுறது வாசல்லயே நிறுத்தப்பட்டவங்களுக்காக. யூதரல்லாதவங்க உள்ள வரணும்னா முதல்ல விருத்தசேதனம் பண்ணணும், சட்டத்தையெல்லாம் கடைப்பிடிக்கணும்னு சிலர் நிபந்தனை போட்டாங்க. பவுல் அதை எதிர்த்தார்.

யாக்கோபு பேசுறது ஏற்கெனவே உள்ள உக்காந்திருக்கிறவங்ககிட்ட. சோறும் துணியும் இல்லாம நிக்கிறவனுக்கு ஒண்ணுமே கொடுக்காம, வாயால மட்டும் வாழ்த்தி அனுப்புறவங்ககிட்ட.

7/
அஞ்சாம் நூற்றாண்டு. பெலாஜியஸ்னு ஒரு துறவி. மனுஷன் மனசு வெச்சா நல்லவனா வாழ முடியும், அதுக்கான சக்தி அவனுக்கு இருக்குன்னார். அகுஸ்தீன் மறுத்தார். மனசு வைக்கிற அந்தச் சக்தியே நோய்ப்பட்டுக் கிடக்கு, கடவுளோட அருள் முந்தி வந்தாதான் அது எழுந்து நிக்கும்னார். 418-ல கார்த்தேஜ் சங்கம் பெலாஜியஸ் கருத்தைத் தள்ளிடுச்சு.

குடிநோயாளிகளைப் பாக்கிற எந்த டாக்டருக்கும் அகுஸ்தீன் சொல்றது சட்டுன்னு புரியும். "மனசு வெச்சா விட்டுடலாம்"னு வெளிய இருக்கிறவங்க சொல்வாங்க. நோய் புடிச்சிருக்கிறதே அந்த மனசைத்தான்.

8/
1517. ஜெர்மனி. ரோம்ல புனித பேதுரு பேராலயம் கட்டப் பணம் வேணும். பாவத் தண்டனையக் குறைக்கிற சீட்டு விற்பனை நடக்குது. மார்ட்டின் லூத்தர்னு ஒரு துறவி 95 வாதங்களை எழுதி எதிர்த்தார். பின்னாடி அவர் நிலைப்பாடு இன்னும் இறுகுச்சு: விசுவாசம் ஒண்ணே போதும். 1522-ல வந்த அவரோட ஜெர்மன் புதிய ஏற்பாட்டுல, மூலத்துல இல்லாத 'மட்டும்'ங்கிற சொல்லை ரோமர் கடிதத்துல சேர்த்தார். யாக்கோபு கடிதத்தை வைக்கோலோட ஒப்பிட்டுக் கீழ இறக்கினார்.

கத்தோலிக்கத் திருச்சபை 1547-ல திரெந்து சங்கத்துல பதில் சொல்லுச்சு. முதல் அடி கடவுளோட அருள்தான், அதுக்கு மனுஷத் தகுதி எதுவும் காரணம் இல்லை. ஆனா அந்த அருளோட மனுஷன் ஒத்துழைக்கணும், நற்செயல்ல வளரணும்.

கவனிச்சீங்களா? ரெண்டு பக்கமும் அருள்தான் முதல்னு சொல்லுது. அதுக்கப்புறம் மனுஷனோட பங்கு என்னங்கிறதுல தான் தகராறு.

9/
இந்தத் தகராறு கப்பல் ஏறி நம்ம ஊருக்கும் வந்துச்சு. 1706-ல லூத்தரன் போதகர் சீகன்பால்க் தரங்கம்பாடில இறங்கினார். 1714-15-ல தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சாச்சு. அதே காலத்துல இத்தாலிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் இங்கதான் இருக்கார். 'தேம்பாவணி' எழுதினவர்னு நமக்குத் தெரியும். லூத்தரன்களை மறுத்து 'வேதவிளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு'ன்னு நூல்கள் எழுதினவரும் அவர்தான். ஜெர்மனிக்காரரும் இத்தாலிக்காரரும் காவிரிக் கரையோரம் நல்ல தமிழ்ல ஐரோப்பாச் சண்டை போட்டிருக்காங்க.

10/
ஆனா தமிழ் மண்ணுக்கு இந்தக் கேள்வி புதுசே இல்லை. தாம்பரத்துல இருந்து முடிச்சூர், படப்பை, ஒரகடம் தாண்டினா ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் பிறந்த ஊர். அவருக்குப் பின்னாடி வந்த வைணவர்கள் ரெண்டாப் பிரிஞ்சதுக்கு ஒரு முக்கியக் காரணம் இதே கேள்விதான்.

குரங்குக் குட்டி தாயை இறுக்கிப் பிடிச்சுக்கணும். அது மாதிரி ஜீவனும் தன் பங்குக்கு ஏதாவது செய்யணும்கிறது வடகலை. பூனைக் குட்டி சும்மா கிடக்கும், தாய்தான் கவ்விட்டுப் போகும். எல்லாமே அவன் அருள்ங்கிறது தென்கலை.

லூத்தருக்கு முன்னாடியே நம்ம ஊர்ல குரங்கும் பூனையும் இந்த விவாதத்துல இருந்திருக்கு.

11/
இப்போ தாம்பரத்துக்கு வருவோம். 1837-ல பள்ளியா ஆரம்பிச்ச சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937-ல பாரிமுனைப் பக்கத்துல இருந்து தாம்பரம் காட்டுக்கு இடம் மாறுச்சு. அடுத்த வருஷமே அந்தப் புது வளாகத்துல ஒரு உலக மாநாடு. அகில உலக மிஷனரி கவுன்சில் நடத்தினது. 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை. தலைமை ஜான் மாட். கிட்டத்தட்ட 70 நாடுகள்ல இருந்து 470-க்கும் மேற்பட்டவங்க வந்தாங்க.

சீனாவுல நடக்க வேண்டிய மாநாடு இது. ஜப்பான் சீனா மேல போர் தொடுத்ததால இங்க வந்துச்சு.

12/
அன்னைக்கு அவங்க முன்னாடி இருந்த கேள்வி டாக்டர்களையும் நேரா தொட்டது. மிஷன் ஆஸ்பத்திரி எதுக்கு? நோய் தீரவா, ஆள் சேரவா?

1932-ல ஹார்வர்டு பேராசிரியர் ஹாக்கிங் தலைமையில ஒரு அமெரிக்கக் குழு அறிக்கை கொடுத்திருந்தது. மருத்துவமும் கல்வியும் தன்னளவுலயே நல்ல செயல்கள், அதைப் பிரசங்கத்துக்குத் தூண்டில் ஆக்காதீங்கன்னு அந்த அறிக்கை வாதாடுச்சு. காந்தியும் பல வருஷமா இதைத்தான் கேட்டுட்டு இருந்தார்: மதம் மாறணும்கிற எதிர்பார்ப்போட செய்யுற சேவை சேவையா?

எனக்கு இது கூர்மையான கேள்வியா படுது. கிருபை இலவசம்னு நம்புறவங்க, அந்தக் கிருபையப் பத்திச் சொல்றதுக்காக நடத்துற ஆஸ்பத்திரியில மறைமுகமா ஒரு விலை வைக்கலாமா?

13/
ஹாக்கிங்குக்கு எதிர்த் திசையில நின்னவர் ஹென்ட்ரிக் கிரேமர். டச்சுக்காரர், இந்தோனேசியாவுல வேலை பார்த்தவர். இந்த மாநாட்டுக்காகவே ஒரு தடிமனான புத்தகம் எழுதிட்டு வந்தார். அவர் வாதத்தைச் சுருக்கினா: மதம்ங்கிறது, நடைமுறைக் கிறிஸ்தவ மதம் உட்பட, மனுஷ முயற்சி. அது யாரையும் காப்பாத்தாது. காப்பாத்துறது கிறிஸ்துவுல கடவுள் செஞ்ச செயல் மட்டும். பக்தி மார்க்கத்துல அருள் பேசப்படுறதை அவர் கவனிச்சார். ஆனாலும் ரெண்டும் ஒண்ணு இல்லைன்னார்.

இவ்வளவு கறாரா ஏன் பேசினாங்கன்னு பாக்க, அன்னைய ஐரோப்பாவைப் பாக்கணும். ஜெர்மனியில சில சபைகளே ஹிட்லருக்குப் பாட்டுப் பாடிட்டு இருந்தது. மதம்ங்கிற பேர்ல மனுஷன் எதை வேணும்னாலும் கும்பிடுவான்னு பார்த்த தலைமுறை அது.

14/
மெட்ராஸ்காரங்க சும்மா இல்லை. மாநாட்டுக்கு முன்னாடியே 1938-ல 'ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இந்தியா'ன்னு பதில் புத்தகம் போட்டாங்க.

எழுதினவங்கள்ல ஒருத்தர் செஞ்சையா. புதுக்கோட்டை சமஸ்தானத்துல நீதிபதியா இருந்தவர். ஆனா இரட்சிப்பைக் கோர்ட்டு விவகாரமா, பாவக் கணக்கைத் தீர்க்கிறதா மட்டும் பாக்க அவர் ஒத்துக்கல. இயேசுவில ஒரு புது மனுஷ வாழ்க்கை ஆரம்பிச்சிருக்கு, அதுல பங்கெடுக்கிறதுதான் முக்கியம்னார்.

இன்னொருத்தர் அவர் மைத்துனர் சக்கரைச் செட்டியார். வக்கீல், தொழிற்சங்கத் தலைவர், 1941-ல மெட்ராஸ் மேயர் ஆனவர். காலையில இறையியல், மாலையில தொழிலாளர் கூட்டம். அவர் வாழ்க்கையில விசுவாசமும் செயலும் தனித்தனி அலமாரியில இல்லை.

மூணாவது ஆள் ஒரு டாக்டர், ஜேசுதாசன். ஸ்காட்லாந்து டாக்டர் பேட்டனோட சேர்ந்து 1921-ல திருப்பத்தூர்ல கிறிஸ்துகுல ஆசிரமம் ஆரம்பிச்சு, காதி கட்டிக்கிட்டு வைத்தியம் பார்த்தவர்.

15/
கிரேமருக்கு இன்னொரு முக்கியமான பதில் ஏ.ஜி. ஹாக்கிட்ட இருந்து. கிறித்தவக் கல்லூரியில பல வருஷம் பேராசிரியர், 1938 வரை முதல்வர். சர்வபள்ளி ராதாகிருஷ்ணனோட ஆசிரியர். கர்மா, மீட்பு ரெண்டையும் ஒப்பிட்டு 1909-லயே புத்தகம் போட்டவர்.

அவர் ஒரு வித்தியாசத்தைக் காட்டினார். மதக் கொள்கைகள் வேற. ஒரு மனுஷன் கடவுள் மேல வைக்கிற நம்பிக்கை வேற. வேற மதத்துக்காரங்ககிட்டயும் நிஜமான நம்பிக்கைய, அதுக்குக் கடவுள் தர்ற பதிலைப் பாக்க முடியும்னார். முப்பது வருஷத்துக்கு மேல இந்து மாணவர்களோட வாழ்ந்தவர் சொன்ன வார்த்தை அது. இன்னைக்கும் இறையியல் படிக்கிறவங்க 'தாம்பரம் விவாதம்'னு இதைப் படிக்கிறாங்க. நாமதான் அந்தப் பேரை பஸ் போர்டுல மட்டும் பாக்கிறோம்.

16/
அந்தக் கல்லூரிக்கு ஒரு ஸ்டேஷன் தள்ளி, தாம்பரம் சானடோரியம். பீச் லோக்கல்ல குரோம்பேட்டைக்கு அடுத்து வர்ற ஸ்டேஷன். 1928-ல டாக்டர் சவுரிமுத்து ஆரம்பிச்ச காசநோய் சானடோரியத்தால வந்த பேர். இங்கிலாந்துல சானடோரியம் நடத்தினவர், கணித மேதை ராமானுஜனுக்கு அங்க சிகிச்சை கொடுத்தவர். 1937-ல இதை அரசு எடுத்துக்கிச்சு. கல்லூரி தாம்பரம் வந்த அதே வருஷம்.

அப்போ காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காத்து, சத்தான சாப்பாடு, மாசக்கணக்குல படுக்கை, கண்டிப்பான ஒழுங்கு. நோயாளி ஒழுங்கா இருந்து தன் உடம்பால தானே ஜெயிக்கணும். நிறைய பேர் எல்லாம் சரியா செஞ்சும் செத்துப் போனாங்க.

17/
1940-கள்ல ஸ்ட்ரெப்டோமைசின், அப்புறம் மத்த மருந்துகள். 1956-ல சேத்துப்பட்டுல காசநோய் மருந்தாய்வு மையம் ஆரம்பிச்சது. ஒரு பகுதி நோயாளிகளுக்கு சானடோரியத்துல சிகிச்சை, இன்னொரு பகுதிக்கு நெரிசலான சொந்த வீட்டுலயே சிகிச்சை. 1959-ல வெளியான முடிவு உலகத்தையே மாத்துச்சு. வீட்டுல மருந்து சாப்பிட்டவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானாங்க.

அதாவது குணம் நோயாளியோட தவத்தால வரல. வெளியில இருந்து வந்த மருந்தால வந்துச்சு.

18/
ஆனா கதை அங்க முடியல. மருந்து சாப்பிட்டு ரெண்டு மூணு வாரத்துல காய்ச்சல் விடும், இருமல் குறையும். "எனக்குச் சரியாயிடுச்சு"ன்னு நிறுத்துவாங்க. நோய் திரும்ப வரும், சில சமயம் மருந்துக்கு அடங்காத நோயா வரும். ஆறு மாசமும் விடாம சாப்பிடணும்.

மருந்து கிருபை மாதிரி: வெளியில இருந்து, தகுதி கேக்காம வருது. கை நீட்டி வாங்குறது விசுவாசம் மாதிரி. ஆறு மாசம் தினமும் அதோட வாழுறது நற்கிரியை மாதிரி. மாத்திரை முழுங்கினதுக்குக் கூலியா யாருக்கும் குணம் கிடைக்கிறதில்லை. முழுங்காதவனுக்கும் கிடைக்கிறதில்லை. உவமைதான். எல்லா உவமை மாதிரி இதுவும் ஓரளவுக்குத்தான் ஓடும்.

19/
இதே சானடோரியத்துல இன்னொரு அத்தியாயம். 1986-ல இந்தியாவோட முதல் எச்.ஐ.வி தொற்றுகள் சென்னையில கண்டுபிடிக்கப்பட்டது. "செஞ்ச பாவத்துக்குத் தண்டனை"ன்னு ஊரே பேசின காலம், பல இடங்கள்ல நோயாளியத் தொடவே பயந்த காலம். அப்போ கதவைத் திறந்து வெச்ச அரசு மருத்துவமனை தாம்பரம். 2004 ஏப்ரல் 1-ல இந்திய அரசு இலவச ஏ.ஆர்.டி மருந்தைத் தொடங்கினப்போ, முதல் எட்டு மையங்கள்ல இதுவும் ஒண்ணு.

நோய் எப்படி வந்துச்சுங்கிற கேள்விக்குப் பதில் எதுவா இருந்தாலும் மருந்து உண்டு. கிருபைக்கு என் வாழ்க்கையில நான் பார்த்த கிட்டத்தட்ட சரியான விளக்கம் அந்த மருந்துக் கவுன்ட்டர்தான்.

20/
லூத்தர் சண்டை என்ன ஆச்சு? 1999 அக்டோபர் 31, ஜெர்மனியில ஆக்ஸ்பர்க் நகரம். கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில கையெழுத்துப் போட்டாங்க. சாரம் இதுதான்: கடவுள் நம்மை ஏத்துக்கிறது நம்ம தகுதியால இல்லை, அவர் கிருபையால மட்டுமே. அந்தக் கிருபை நம்மை நற்செயலுக்குத் தயாராக்குது. 2006-ல மெத்தடிஸ்ட்டுகளும் சேர்ந்துக்கிட்டாங்க. எல்லா வேறுபாடும் தீரல. ஆனா 16-ம் நூற்றாண்டுல ஒருத்தரை ஒருத்தர் சபிச்சது, இன்னைக்கு அவங்க சொல்ற போதனைக்குப் பொருந்தாதுன்னு ஒத்துக்கிட்டாங்க.

வரிசைதான் விஷயம். ஏத்துக்கிறது முதல்ல. திருந்துறது அடுத்து.

21/
நான் அந்த வரிசைய மாத்திப் போட்டேன். திருந்துறதை நுழைவுச் சீட்டாக்கிட்டேன்.

அவருக்கு அன்னைக்கே மருந்து ஆரம்பிச்சோம். குடியும் காசநோய் மாத்திரையும் சேர்ந்தா ஈரல் கெடும்னு சொன்னேன். மருத்துவ அறிவுரையா சொன்னேன், நிபந்தனையா சொல்லல. குடி மறுவாழ்வு ஆலோசனைக்கு எழுதிக் கொடுத்தேன். ஈரல் பரிசோதனைய அடிக்கடி பார்த்தோம். குழந்தைக்கு நோய் இல்லை, தடுப்பு மருந்து கொடுத்தோம்.

ஆறு மாசம் முடிச்சார். குடிய முழுசா விட்டாரா? இல்லை. மூணாவது மாசம் நிறுத்தினார், அஞ்சாவது மாசம் ஒரு தடவை சறுக்கினார். அடுத்த நாளே அவரா வந்து சொன்னார். முன்னாடி மாதிரி ஒளிஞ்சுக்கல. எனக்கு அது போதும்.

22/
இதைப் படிக்கிற டாக்டர், நர்ஸ் தம்பி தங்கைகளுக்கு: நம்ம வாசல்ல தகுதித் தேர்வு வைக்காதீங்க. குடிகாரர், புகை பிடிக்கிறவர், "சொன்ன பேச்சைக் கேக்காதவர்", எல்லாருக்கும் முதல்ல மருந்து. அறிவுரை அதுக்கு அப்புறம்.

மத்தவங்களுக்கு: ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா பக்கத்து அரசு மருத்துவமனையில சளிப் பரிசோதனை பண்ணுங்க. பரிசோதனையும் மருந்தும் இலவசம். "இதை விட்டுட்டு வரேன், அதைச் சரி பண்ணிட்டு வரேன்"னு காத்திருக்காதீங்க.

இருக்கிறபடியே வாங்க. அந்த அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது.